ஜெர்மனியில் முதல் சில வாரங்கள்: தனியாக வந்திறங்கும் மாணவருக்கு

ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்பும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி பெட்டியைப் பற்றித்தான். குக்கர் எடுத்து வரலாமா, ஜாக்கெட் எத்தனை வேண்டும், ஊறுகாயை விடுவார்களா? வந்து இறங்கிய பிறகு அவர்களைப் பாடாய்ப் படுத்துவது பெட்டி இல்லை, முகவரி. படுக்க ஓர் இடம் கிடைத்தால் மட்டும் இங்கே போதாது, அந்த இடத்தில் நீங்கள் குடியிருப்பதாக நகர அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பதிவு இருந்தால்தான் வரி எண் வரும், விசாவை வதிவிட அனுமதியாக மாற்ற முடியும். வங்கிக்காரரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

தமிழ்நாட்டிலிருந்து முதுநிலைப் படிப்புக்குத் தனியாக வருபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஏ.பி.எஸ். சான்று (உங்கள் இந்தியப் பட்டச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), பிளாக்டு அக்கவுண்ட் (ஓராண்டுச் செலவுப் பணத்தை முன்னதாகவே போட்டு வைக்கும் கணக்கு), விசா எல்லாம் முடிந்து டிக்கெட் போடும் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

டிக்கெட் போடும்போதே பார்க்க வேண்டியது

செவ்வாய் அல்லது புதன் காலையில் இறங்குவதுபோல் டிக்கெட் போடுங்கள். சனிக்கிழமை இரவில் இறங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே சூப்பர் மார்க்கெட், துணிக்கடை எதுவும் திறக்காது. பெரிய ரயில் நிலையங்களில் சில கடைகளும் காலையில் சில பேக்கரிகளும்தான் கதி. விடுதிச் சாவி தரும் அலுவலகமும் சனி, ஞாயிறில் பூட்டியிருக்கும். குளிர்காலப் பருவத்துக்கு வருபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: அக்டோபர் 3 தேசிய விடுமுறை. அது வெள்ளிக்கிழமையில் விழும் ஆண்டில் மூன்று நாள் தொடர்ந்து ஒரு வேலையும் நடக்காது.

பெட்டி

சரி, பெட்டியையும் பேசிவிடுவோம். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, பருப்புப் பொடி, புளி, பெருங்காயம் எல்லாம் தாராளமாக வரலாம். பாலும் இறைச்சியும் சேர்ந்தவை வரக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் அவற்றைக் கொண்டுவரத் தடை இருக்கிறது. நெய், பால்கோவா, மட்டன் ஊறுகாய் எல்லாம் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். அம்மா ஈரத்துணியில் சுற்றிக் கொடுக்கும் கறிவேப்பிலைக்கு அது இருக்காது. கவலை வேண்டாம், பின்னால் சொல்கிறேன், இங்கேயே கிடைக்கும்.

மின்சாரம் நம்மூர் மாதிரியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அதனால் மிக்ஸி ஓடும். ஆனால் நம் மூன்று முள் பிளக் இங்குள்ள வட்டச் சாக்கெட்டில் நுழையாது. போன் சார்ஜருக்கு வாங்கும் பத்து ரூபாய் அடாப்டரில் மிக்ஸியை மாட்டாதீர்கள், அதன் வாட் அளவைத் தாங்கும் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். குக்கர் என்றால் அடியில் இண்டக்‌ஷன் குறி உள்ள ஸ்டீல் குக்கர். பல வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறது, வெறும் அலுமினியக் குக்கர் அதில் சூடாகவே சூடாகாது.

குளிர் ஜாக்கெட்டைச் சென்னையில் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். செப்டம்பர் கடைசியில் ஒரு ஸ்வெட்டரும் மழை தாங்கும் மேலங்கியும் போதும். மற்றதை இங்கே வந்து, குளிரைப் பார்த்து வாங்கலாம்.

மருந்து விஷயத்தில் மட்டும் தாராளமாக இருங்கள். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால், டாக்டர் சீட்டோடு மூன்று மாதத்துக்கு எடுத்து வரலாம். ஆன்டிபயாடிக் இங்கே சீட்டு இல்லாமல் எந்தக் கடையிலும் தரமாட்டார்கள். சாதாரணக் காய்ச்சல் மாத்திரைக்குக்கூட மருந்துக்கடைக்குத்தான் போகவேண்டும், சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது.

காகிதங்கள் கைப்பையில் இருக்கட்டும்: பாஸ்போர்ட், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், பிளாக்டு அக்கவுண்ட் உறுதிக் கடிதம், மருத்துவக் காப்பீட்டுத் தாள், தங்கப்போகும் முகவரி, பட்டச் சான்றின் மூலப்பிரதி. இணையம் இல்லாதபோதும் திறக்கும்படி போனில் ஒரு நகல். இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங்கை ஊரிலேயே ஆன் செய்துவிட்டு வாருங்கள். ஊர் வங்கியின் ஓடிபி வராவிட்டால், இங்கிருந்தபடி உங்கள் பணத்தையே உங்களால் எடுக்க முடியாது.

இறங்கிய நாள்

பெரும்பாலானவர்கள் பிராங்க்ஃபர்ட்டிலோ மியூனிக்கிலோ இறங்குவார்கள். குடிநுழைவு அதிகாரி கேட்பது இரண்டு மூன்று கேள்விதான்: எதற்கு வந்தீர்கள், எங்கே படிக்கிறீர்கள், எங்கே தங்குவீர்கள். அனுமதிக் கடிதத்தையும் முகவரியையும் காட்டினால் முடிந்தது. துபாய், தோஹா வழியாக வருபவர்களுக்கு இது ஜெர்மனியில்தான் நடக்கும். பாரிஸிலோ ஆம்ஸ்டர்டாமிலோ விமானம் மாறினால் அங்கேயே நடந்துவிடும். அந்த வரிசைக்கும் சேர்த்து இடைவெளி வைத்து டிக்கெட் எடுங்கள். பத்தாயிரம் யூரோவும் அதற்கு மேலும் ரொக்கமாக வைத்திருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அவ்வளவு ரொக்கம் எந்த மாணவருக்கும் தேவையில்லை. இருநூறு, முந்நூறு யூரோ சில்லறை நோட்டாகவும் மீதி ஃபாரெக்ஸ் கார்டிலும் இருந்தால் போதும்.

அடுத்தது ரயில். புதிதாக வருபவர்கள் முதல் தடவை முழிப்பது இங்கேதான்.

பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. ஒன்று நகருக்குள் போகும் எஸ்-பான் ரயில்களுக்கு. எஸ்8, எஸ்9 இரண்டும் நகரின் பிரதான நிலையத்துக்குப் போகும். மற்றொன்று ஐ.சி.இ. போன்ற நெடுந்தூர ரயில்களுக்கு. பெயர்ப்பலகையில் 'ஃபெர்ன்பான்ஹோஃப்' என்று இருந்தால் அது நெடுந்தூர நிலையம். இரண்டுக்கும் இடையே பெட்டிகளோடு நடக்க நேரம் பிடிக்கும். உங்கள் டிக்கெட் எந்த நிலையத்திலிருந்து என்று முன்னாலேயே பாருங்கள்.

ரயில் டிக்கெட்டில் 'ஷ்பார்ப்ரைஸ்' என்பது மலிவு, ஆனால் குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் வீண். முதல் நாளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து 'ஃப்ளெக்ஸ்ப்ரைஸ்' எடுங்கள், அன்றைய தினம் எந்த ரயிலிலும் ஏறலாம். இருக்கை முன்பதிவு தனிக் காசு. டிக்கெட் இருந்தாலே இருக்கை உண்டு என்று நினைக்காதீர்கள்.

பிளாட்பாரத்தில் நீல நிறப் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. 'கிளைஸ்' என்றால் பிளாட்பார எண். ஜெர்மன் ரயில் என்றால் கடிகாரம் மாதிரி ஓடும் என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. கடைசி ஐந்து நிமிடத்தில் பிளாட்பாரம் மாறும், பலகையின் ஓரத்தில் ஒரு வரி ஓடும். அதில் 'ஃபெர்ஷ்பேட்டுங்' வந்தால் தாமதம், 'ஃபெல்ட் அவுஸ்' வந்தால் ரத்து. கூட்டம் திடீரென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினால், எங்கே ஓடுகிறது என்று கேட்டுவிட்டு நீங்களும் ஓடுங்கள். போய்ச் சேரும் இடத்துக்கு 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடம் ஆனால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

நகருக்குள் பேருந்து, டிராம், மெட்ரோவில் நுழைவுக் கதவு கிடையாது, யாரும் தடுக்கமாட்டார்கள். அதனால் டிக்கெட் வேண்டாம் என்று அர்த்தமில்லை. சாதாரண உடையில் பரிசோதகர்கள் ஏறுவார்கள். டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ அபராதம். பல ஊர்களில் காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது. பிளாட்பாரம் நுழையும் இடத்திலோ டிராமுக்கு உள்ளேயோ ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதன் வாயில் டிக்கெட்டை நுழைத்தால் 'டிங்' என்ற சத்தத்தோடு தேதியும் நேரமும் அச்சாகும். அச்சாகாத டிக்கெட் செல்லாத டிக்கெட். மாணவன், புதிதாக வந்தேன், தெரியாது என்று சொன்னால் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டே அபராதச் சீட்டை எழுதுவார்கள்.

வகுப்பு தொடங்கியதும் இந்தத் தொல்லை போய்விடும். நாடு முழுக்க நகரப் போக்குவரத்துக்கும் வட்டார ரயில்களுக்கும் செல்லுபடியாகும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கியது, 2025இல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. பல பல்கலைக்கழகங்களில் பருவக் கட்டணத்திலேயே இது தள்ளுபடி விலையில் சேர்ந்து வரும். ஐ.சி.இ. போன்ற நெடுந்தூர ரயில்களில் மட்டும் செல்லாது.

முகவரியும் பதிவும்

மாணவர் விடுதி கிடைத்துவிட்டால் நீங்கள் பாக்கியசாலி. 'ஷ்டுடீரெண்டன்வெர்க்' என்ற அமைப்புதான் ஊர்தோறும் அவற்றை நடத்துகிறது. அனுமதிக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள், காத்திருப்புப் பட்டியல் மாதக்கணக்கில் நீளும். கிடைக்காதவர்கள் 'வேகே' எனப்படும் பகிர்வு வீட்டில் ஓர் அறை தேடவேண்டும்.

தேடும்போது ஏமாற்றுக்காரர்கள் நிச்சயம் வருவார்கள். அவர்கள் கதை எப்போதும் ஒன்றுதான்: வீடு நகரின் நடுவில், வாடகை நம்ப முடியாத அளவு குறைவு, உரிமையாளர் இப்போது லண்டனிலோ வேறெங்கோ இருக்கிறார், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவார். அனுப்பமாட்டார். வீட்டை நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ நேரிலோ வீடியோவிலோ பார்க்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகாமல், ஒரு யூரோ அனுப்பாதீர்கள். நல்ல உரிமையாளரும் முன்பணம் கேட்பார்தான். ஆனால் சட்டப்படி அது மூன்று மாத 'கால்ட்மீட்டே'யைத் தாண்டக்கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கால்ட்மீட்டே என்பது தண்ணீர், ஹீட்டர் செலவு சேராத வெறும் வாடகை. 'வார்ம்மீட்டே' அவை சேர்ந்தது. விளம்பரத்தில் எது போட்டிருக்கிறது என்று பார்க்காமல் கணக்குப் போட்டால் பட்ஜெட் உதைக்கும்.

முதல் சில வாரம் பயணிகள் ஹாஸ்டலிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்கினாலும் சரி, ஒரு கேள்வியை முன்னாலேயே கேளுங்கள்: இந்த முகவரியில் பதிவு செய்ய முடியுமா? பதிவுக்கு 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்' என்ற ஒரு பக்கப் படிவம் வேண்டும். பெயரைப் பார்த்து மிரளவேண்டாம். இவர் என் வீட்டில் இன்ன தேதியிலிருந்து குடியிருக்கிறார் என்று உரிமையாளர் கையெழுத்துப் போடும் தாள், அவ்வளவுதான். தரமாட்டேன் என்று சொல்பவரின் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம் என்பேன்.

குடியேறி இரண்டு வாரத்துக்குள் 'ஆன்மெல்டுங்' என்கிற அந்தப் பதிவைச் செய்யவேண்டும். பெரும்பாலான ஊர்களில் 'பியூர்கர்ஆம்ட்' அலுவலகத்தில் நடக்கும். பெரிய நகரங்களில் முன்பதிவு கிடைப்பது கஷ்டம். காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், ரத்தான இடங்கள் அப்போது தென்படும். இரண்டு வாரம் தாண்டிய தேதிதான் கிடைத்தது என்றால், முன்பதிவு செய்ததற்கான உறுதி மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குப் பாஸ்போர்ட்டும் உரிமையாளர் தாளும் போதும். படிவத்தில் மதம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கும். அது சம்பிரதாயக் கேள்வி இல்லை. கத்தோலிக்கர் என்றோ இவாங்கெலிஷ் (புராட்டஸ்டன்ட்) என்றோ எழுதினால், பின்னால் வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வரும்போது அந்த வரித்தொகையில் 9 சதவீதம் திருச்சபை வரியாகச் சேர்ந்து பிடிக்கப்படும். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்கிலும் 8 சதவீதம். தெரிந்து எழுதுங்கள்.

வேலை முடிந்ததும் முத்திரை இட்ட ஒரு தாள் கொடுப்பார்கள். மேசையை விட்டு எழுந்திருக்கும் முன் பெயர், பிறந்த தேதி, வீட்டு எண் எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். நம் பெயர்களின் நீளத்துக்கு ஓர் எழுத்து விடுபடுவது சர்வ சாதாரணம். அங்கேயே சொன்னால் ஒரு நிமிட வேலை.

பெயரும் தபால் பெட்டியும்

ஜெர்மன் தபால்காரருக்கு ஃபிளாட் எண் கிடையாது. தெரு, வீட்டு எண், பெயர், இவ்வளவுதான் முகவரி. ஒரு கட்டடத்தில் இருபது வீடு இருந்தாலும், கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போகும். இந்த ஊரில் வங்கி அட்டை ஒரு கடிதத்தில் வரும், அதன் ரகசிய எண் இன்னொரு கடிதத்தில் வரும், காப்பீட்டு அட்டை, பதினொரு இலக்க வரி எண் எல்லாமே தபாலில்தான்.

நம்மவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலி. ஜெர்மன்காரர் கடிதம் எழுதுவது குடும்பப் பெயருக்கு. எனக்குத் தெரிந்த ஒரு மதுரைப் பையன் தபால் பெட்டியில் அழகாக 'கார்த்திக்' என்று ஒட்டி வைத்திருந்தான். வங்கி அட்டை வந்தது 'திரு. முருகேசன்' என்று, அவன் அப்பா பெயரில். தபால்காரர் அப்படி யாரும் இங்கே இல்லை என்று எழுதித் திருப்பிவிட்டார். அட்டை மறுபடி வர மூன்று வாரம் ஆனது.

ஆகவே பெட்டியிலும் அழைப்பு மணியிலும் முழுப்பெயரை, பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்தில், அப்பா பெயரோடு ஒட்டுங்கள். பகிர்வு வீட்டில் மற்றவர் பெயருக்குக் கீழே ஒட்ட உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சர்நேம் காலியாக இருப்பவர்கள் விசாவில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதையே பல்கலைக்கழகம், வங்கி, காப்பீடு எல்லா இடத்திலும் எழுதுங்கள். இங்கே ஒரு மாதிரி, அங்கே ஒரு மாதிரி எழுதினால் இரண்டு ஆட்களாகிவிடுவீர்கள். அப்புறம், பேராசிரியர் உங்களை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பழகிவிடும்.

பணம், காப்பீடு

பிளாக்டு அக்கவுண்டில் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட்டிருப்பீர்கள், மாதம் 992 வீதம் வெளியே வரும். ஆனால் இங்கே ஒரு நடப்புக் கணக்கு திறந்து, அதன் ஐபான் எண்ணை (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) கொடுத்த பிறகுதான் முதல் தவணை வரும். அதற்குள் வாடகை, முன்பணம், பருவக் கட்டணம் மூன்றும் கழுத்தைப் பிடிக்கும். கையில் 1,500லிருந்து 2,000 யூரோ வரை தனியாக இருப்பது நிம்மதி.

மருத்துவக் காப்பீட்டில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். முப்பது வயதுக்குக் கீழே இருந்தால் அரசுமுறைக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேருங்கள், மாதம் 150 யூரோவை ஒட்டி வரும். தனியார் காப்பீடு பாதி விலைக்கு விளம்பரம் செய்வார்கள். அதற்காக அரசுமுறையிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்பச் சேர முடியாது. முப்பது தாண்டியவர்களுக்கு மாணவர் கட்டணம் கிடையாது, அவர்கள் வருவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும். அரசுமுறைக் காப்பீடு தொடங்கும் நாள்வரைக்குப் பயணக் காப்பீடு ஓட வேண்டும், நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி விடாதீர்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்: உயிருக்கு ஆபத்து, தீ என்றால் 112. போலீஸ் 110. இரவில் காய்ச்சல், டாக்டர் வேண்டும், ஆனால் ஆம்புலன்ஸ் அளவுக்கு இல்லை என்றால் 116117.

விசா தேதி

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா சில மாதங்களுக்குத்தான். அது முடியும் முன் 'அவுஸ்லெண்டர்பெஹோர்டே' எனும் வெளிநாட்டினர் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவு முடிந்த வாரமே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள், பெரிய நகரங்களில் நேர்காணல் தேதி வர மாதங்கள் ஆகும். விசா முடிவதற்குள் விண்ணப்பித்திருந்தால் முடிவு வரும்வரை சட்டப்படி இருக்கலாம், அதற்கு ஒரு தற்காலிகத் தாள் தருவார்கள். அந்தத் தாளோடு ஊருக்குப் போய்த் திரும்ப முடியுமா என்பது தாளின் வகையைப் பொறுத்தது. பொங்கலுக்கு டிக்கெட் போடும் முன் அதே அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பகுதி நேர வேலை ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். முதல் பருவத்தில் அதை நம்பிப் பட்ஜெட் போடவேண்டாம், மொழி கொஞ்சம் வராமல் நல்ல வேலை கிடைப்பது அபூர்வம்.

வீட்டுக்குள்

குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டில், கேன் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை. காலியானதைச் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திரும்ப வரும், குப்பையில் போடாதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் மிக்ஸி போடக்கூடாது. தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்துங்கள். காய்ந்த மிளகாய்ப் புகைக்குப் புகை எச்சரிக்கைக் கருவி அலறினால் முதல் வாரத்திலேயே மொத்தக் கட்டடத்துக்கும் அறிமுகமாகிவிடுவீர்கள். குளிர்காலத்திலும் தினமும் இரண்டு மூன்று முறை ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம் காற்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், அதற்கு முன்பணத்தில் கைவைப்பார்கள்.

கறிவேப்பிலை விஷயம். 1983க்குப் பிறகு வந்து குடியேறிய ஈழத்தமிழர்களின் கடைகள் பல நகரங்களில் உண்டு. முருங்கைக்காய், இடியாப்ப மாவு, கறிவேப்பிலை எல்லாம் அங்கே கிடைக்கும். பல கடைகளில் பச்சைக் காய்கறி வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் வரும். "தம்பி, வெள்ளிக்கிழமை பின்னேரம் வாங்கோ, புதுசா வரும்" என்று கடைக்கார அண்ணன் சொன்னால் அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹம் நகரில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோபுரத்தோடு கூடிய பெரிய கோயில், தேர்த் திருவிழாவுக்கு நாடு முழுவதிலிருந்தும் கூட்டம் வரும்.

பதிவு முடிந்து சில வாரத்தில் ஒரு கடிதம் வரும், ஒளிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்டுங்கள் என்று. டிவியே இல்லையே, மோசடி போலிருக்கிறது என்று கிழித்துப் போடுபவர்கள் உண்டு. அது உண்மையான கடிதம்தான், டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டவேண்டும். ஆனால் வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். பகிர்வு வீட்டில் ஏற்கெனவே யாராவது கட்டிக்கொண்டிருப்பார். அவருடைய கட்டண எண்ணை வாங்கி, கடிதத்தில் சொல்லியுள்ள இணையப் படிவத்தில் பதிந்துவிட்டு, உங்கள் பங்கை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.